முப்பத்தொன்றாவது பெட்டி

புயல் கரையைக் கடந்து போன மறுநாள் காலையில், சங்குமுனைத் துறைமுகத்தின் பெட்டி எழுத மறுத்துவிட்டது.

முதலில் கண்டது ஐஸ் கம்பெனிக்காரர்கள்தான். தப்பிப் பிழைத்துக் கரைசேர்ந்த ஒரு படகுக்கு ஐஸ் இறக்கிவிட்டுப் பதிவு போடப் பார்த்தார்கள். திரையில் ஒரே வரி வந்தது: ‘போதிய பெட்டிகள் பதில் தரவில்லை. படிக்கலாம், எழுத முடியாது.’ டீசல் பங்கிலும் அதே வரி. ஏலக்கூடத்திலும் அதே வரி. எல்லோரும் ஒரே ஆளைத்தான் தேடினார்கள். பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் எமல்டாவோ விடிவதற்கு முன்பே ஏலக்கூடத்து மாடியிலிருந்த தன் அறைக்கு வந்து, ஈரச் சேலையோடு திரைக்கு முன் உட்கார்ந்திருந்தாள்.

சங்குமுனையில் ‘பெட்டி’ என்று ஒருமையில் சொன்னாலும் அவை அறுபது. அறுபது விசைப்படகுகளின் சுக்கான் அறையிலும் சாப்பாட்டுத் தூக்கு அளவில் ஒவ்வொன்று திருகி வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் துறைமுகத்தின் மொத்தத் தொழிலும் இருந்தது. எந்தப் படகு எங்கே வலை போட்டது, என்ன மீன் பட்டது, யாருக்கு எவ்வளவு ஐஸ் போனது, எந்த இயந்திரத்துக்கு எந்தச் சாமான் மாற்றினார்கள் என எல்லாமே அறுபது பிரதிகள். ஒரு பெட்டி புதிதாக ஒன்றை எழுத விரும்பினால் மற்ற பெட்டிகளிடம் கேட்கும். பாதிக்கு மேல் ஒப்புக்கொண்டால்தான் அது பதிவாகும். தலைமைப் பெட்டி என்று ஒன்று கிடையாது. யாரும் தனியாக எழுதவும் முடியாது, எழுதியதை யாரும் அழிக்கவும் முடியாது.

அதற்கு முன்னால் இந்தத் தரவெல்லாம் ஒரு வெளியூர் நிறுவனத்தின் கணினிகளில் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அங்கே வெள்ளம் புகுந்து எல்லாம் நின்றுபோனது. சங்குமுனை வாரக்கணக்கில் கண்ணைக் கட்டிவிட்டது போல் கிடந்தது. மீன் அழுகியது. நிறுவனம் மிக மரியாதையாக வருத்தம் தெரிவித்தது. அப்போது சென்னையில் ஒரு பெரிய தரவு மையத்தில் வேலையிலிருந்த எமல்டா, லீவு போட்டு ஊருக்கு வந்து, விசைப்படகுச் சங்கத் தலைவர் கஸ்பாரிடம் சொன்னாள்: “மாமா, நம்ம தொழில் விவரத்த நம்ம படகுலயே வச்சுக்கிடுவோம். ஒண்ணு முங்கினா மத்தது இருக்கும்.”

லீவு முடிந்தும் அவள் திரும்பிப் போகவில்லை. சென்னையில் ஆயிரம் பேர் சேர்ந்து கட்டிய ஒன்றின் ஏதோ ஒரு மூலையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே முழுதாக ஒன்றை அவளே கட்டினாள். உப்புக்காற்றில் துருப்பிடித்த முனைகளை மாற்றினாள். பெட்டிக்குள் குடும்பம் நடத்திய கரப்பான்பூச்சிகளை விரட்டினாள். புது நிரல் ஏற்றும்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தைந்து படகாக மட்டும் ஏற்றுவாள். மொத்தப் படகுக்கும் ஒரே நாளில் ஏற்றுகிறவனுக்கு மூளை கிடையாது என்பது அவள் கட்சி. பெட்டி ஒருநாளும் நின்றதில்லை. வேறு துறைமுகத்துக்காரர்கள் பார்க்க வந்தால் எமல்டாவின் குரல் ஒரு கட்டை ஏறிவிடும் என்று ஊரே கேலி பேசும். அவள் அதை மறுத்ததும் இல்லை.

இன்று அந்தப் பெட்டி நின்றிருந்தது.

கஸ்பார் மாடிப்படி ஏறி மூச்சுவாங்க வந்தார். “என்னளா ஆச்சு? ஏன் எழுத மாட்டங்கு?”

“முப்பத்தொரு பெட்டி வேணும் மாமா. இருபத்தேழுதான் பேசுது.”

“மத்ததெல்லாம்?”

“கட்டிக் கெடந்ததுல பல படகுல தண்ணி ஏறிட்டு. அந்தப் பெட்டியெல்லாம் நனைஞ்சு கெடக்கு. கொஞ்சம், ரொம்ப நாளா ஓடாத படகு. அப்புறம்...” அவள் முடிக்கவில்லை.

முடிக்கத் தேவையும் இல்லை. பதினான்கு படகுகள் ஆழ்கடலிலிருந்து திரும்பவில்லை. அவற்றில் ஒன்றை ஓட்டிப்போன தண்டல், எமல்டாவின் அண்ணன் இஞ்ஞாசி.

கஸ்பார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “தும்பி போயிருக்கா?”

ஆளில்லாமல் பறந்து கடலில் தேடும் கலங்களுக்குக் கடற்கரை முழுக்க அதுதான் பெயர். எமல்டா மீட்பு நிலையத்துக்குத் தொடர்பு போட்டு, கஸ்பாருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினாள். எதிர்முனையில் நிவேதன் என்ற அதிகாரி. இளம் குரல், தூங்காத குரல்.

“விடிஞ்சதும் போயிடுச்சுங்க மேடம். உங்க பெட்டியில கடைசியா பதிவான இடத்துல தேடிட்டுத் திரும்பிடுச்சு. ஒண்ணுமில்ல. அது புயலுக்கு முந்தின இடம்.”

“அந்த எடத்துல எப்படி இருப்பாவ? கரைக்கு வந்த படகுல ரெண்டு பேரு அவங்களப் பாத்திருக்காவ. நீவாடு தென்மேற்கா இழுத்துட்டுப் போயிருக்கு. அங்க அனுப்புங்க.”

“நீவாடுன்னா?”

“நீரோட்டம் சார்.”

“அதை உங்க பெட்டியில எழுதுங்க மேடம், தும்பி தானா புறப்பட்டுடும். நான் வாயால சொன்னா அது எடுக்காது. ஒரு தடவை யாரோ பொய்யா அபாயச் செய்தி கொடுத்து எல்லாக் கலத்தையும் வேற பக்கம் திருப்பிவிட்டாங்க இல்லையா, அதுலேருந்து துறைமுகப் பெட்டியில ஒப்புக்கிட்ட பதிவை மட்டும்தான் நம்பும். கப்பல் கேட்டிருக்கேன். இந்த அலையில அது வந்து சேர ரொம்ப நேரமாகும்.”

“எழுதத்தான் முடியலயே சார்.”

நிவேதன் சற்றுத் தயங்கினான். “உங்களால முடியும்னு நினைக்கிறேன் மேடம். பதில் தராத பெட்டிகளை நீக்கிட்டா, மீதி இருக்கிறதுல பாதிக்கு மேல உங்ககிட்ட இருக்கும். அவசர நீக்கம்னு ஒரு வசதி இருக்குன்னு உங்க ஆவணத்துலயே இருக்கு.”

இருந்தது. அதை எழுதியவளே எமல்டாதான்.

கஸ்பாரின் முகம் தெளிந்தது. “அப்போ நீக்கிரு. அதுல என்ன?”

எமல்டா தொடர்பைத் துண்டித்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். “மாமா, நீக்குனா அந்தப் படகு பெட்டியப் பொறுத்தவரைக்கும் இல்ல. முங்கிப்போச்சுன்னு நெச்சயமா தெரிஞ்சா மட்டும் நீக்குறதுக்காக வச்சது அது. பதில் தராத எல்லாத்தையும் மொத்தமாத்தான் நீக்கும், கரையில கெடக்குறத மட்டும்னு பிரிக்காது. நீக்கின நிமிஷம் இன்சூரன்ஸ்காரனுக்குச் சேதி போவும். தும்பிக்கும் போவும். இல்லாத படகத் தும்பி தேடாது.”

கஸ்பாருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. “அப்போ... அவங்களத் தேடணும்னா எழுதணும்.”

“ஆமா.”

“எழுதணும்னா அவங்கள நீக்கணும்.”

“ஆமா.”

“நீக்குனா தேட மாட்டாவ.”

எமல்டா பெருமையோடு எழுதிய விதிகள் அவை. ஒவ்வொன்றையும் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று வாதாடி ஏற்கவைத்தவள். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரியாகத்தான் இருந்தது. சேர்த்துக் கட்டிப் பார்த்தால் அது ஒரு சுருக்குக் கயிறாக இருந்தது.

கீழே ஏலக்கூடத்தில் கூட்டம் கூடிவிட்டது. திரும்பி வராதவர்களின் மனைவிமார், அக்கா தங்கைகள். கரைசேர்ந்த படகுகளின் உரிமையாளர்களான சம்மாட்டிகளும் நின்றார்கள். அவர்கள் மீன் நேரம் ஆக ஆகக் கெட்டுக்கொண்டிருந்தது. கஸ்பார் படியில் நின்று நிலைமையைச் சொன்னார். ஒரு சம்மாட்டி கேட்டார், கெட்ட எண்ணத்தில் கேட்டதாகவும் சொல்ல முடியாது: “அண்ணன் அதுல இருக்கான்னுதான யோசிக்கிய எமல்டா? வேற எவன் படகோ மட்டும்னா இந்நேரம் அமுக்கியிருப்பல்லா?”

எமல்டா அவரை நேராகப் பார்த்தாள்.

“தெரியல சித்தப்பா,” என்றாள். “அமுக்கியிருந்தாலும் இருப்பேன். அப்படி அமுக்கியிருந்தா அது பெரிய தப்பாப் போயிருக்கும். அண்ணன் அதுல இருக்கதுனாலதான் இன்னிக்கு அது எனக்குத் தெரியுது.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“யாரையும் நீக்க வேண்டாம்,” என்றாள் எமல்டா. சொல்லும்போதே அவளுக்கு அது புலப்பட்டது. “நாலு பெட்டிதான் கொறையுது. கடல்ல இருக்குற பதினாலத் தவிர, கரையிலயே பேசாம கெடக்குற பெட்டி பத்தொம்பது இருக்கு. அதுல நாலுக்கு உசிரு குடுத்தா போதும். ஓடாத படகு, ஒடஞ்ச படகு, எதுவானாலும் சரி. பேரு பெட்டியில இருக்குற வரைக்கும் அதுக்கு ஒரு சொல்லு உண்டு. போங்க. கெடைக்கிறதக் கொண்டாங்க.”

கூட்டம் கலைந்த வேகத்தைப் பார்த்து கஸ்பாரே ஒதுங்கி நின்றார்.

முதல் பெட்டி சுலபமாகக் கிடைத்தது. பழுதுபார்க்க ஏற்றி வைத்திருந்த ஒரு படகு பலகையெல்லாம் உரிந்து எலும்புக்கூடாக நின்றது. ஆனால் சுக்கான் அறையைத் தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டியிருந்தார்கள். உள்ளே பெட்டி காய்ந்த தேங்காய் போல இருந்தது. மின்சாரம் கொடுத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. இருபத்தெட்டு.

இரண்டாவதைக் கண்டுபிடிக்கத்தான் பாடு. ஒரு படகு உடைபட்டபோது அதன் பெட்டியை யாரோ கழற்றியிருந்தார்கள். விசாரித்து விசாரித்துப் போனால் அது மாதா கோவிலில் இருந்தது. அதன் மின்கலம் நன்றாக இருக்கிறதென்று திருவிழா மைக்செட்டோடு இணைத்து வைத்திருந்தார் உபதேசியார். “ரெண்டு வாரமா பூசையே இதுலதான் கேக்கு,” என்று அவர் தலையைச் சொறிந்தார். பெண்கள் அவரைத் திட்டக்கூட நேரமில்லாமல் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். இருபத்தொன்பது.

நனைந்த பெட்டிகள் ஒரு குவியலாக வந்து சேர்ந்தன. எமல்டா ஒவ்வொன்றாகத் திறந்து நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கினாள். காயவைக்க வேண்டுமே! வானம் இன்னும் மூடிக் கிடந்தது.

“வெயிலுக்கு எங்க போக?” என்று அவள் முணுமுணுத்ததைக் கேட்ட இஞ்ஞாசியின் மனைவி மரியதங்கம் முன்னால் வந்தாள். தேரடிக்குப் பக்கத்தில் மக்ரூன் போட்டு விற்கிறவள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றுகொண்டிருந்தாள்.

“நம்ம அடுப்பு இருக்குல்லா. மக்ரூன் வேகுறதுக்குச் சூடு ஆவாது, காயத்தான் செய்யணும். ராத்திரி பூரா இளஞ்சூட்டுல கெடக்கும். அதுல வைக்கலாமா?”

எமல்டா அவளையே பார்த்தாள். “மைனி, எத்தனை டிகிரி இருக்கும்?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. கைய உள்ள விட்டு மாதா மந்திரம் ஒண்ணு சொல்லி முடிக்கிற வரைக்கும் தாங்கும்.”

“அது போதும் மைனி!”

முட்டையும் சீனியும் முந்திரியும் மணக்கும் அந்த அடுப்பறையில், மக்ரூன் தட்டுகளில் பெட்டிகளின் பச்சைநிற மின்பலகைகள் வரிசையாகப் போயின. மரியதங்கம் அவற்றையும் மக்ரூனைப் பார்ப்பது போலவே குனிந்து குனிந்து பார்த்துத் திருப்பி வைத்தாள். மதியத்துக்கு மேல் எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்று புகைந்தது. பல, பிணம் போலக் கிடந்தன. ஒன்றே ஒன்று இரண்டு முறை சிமிட்டி, அணைந்து, பிறகு நின்று எரிந்தது. முப்பது.

இன்னும் ஒன்று.

எமல்டாவும் கஸ்பாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் அந்தப் பெயர் தெரியும். கடைசியில் கஸ்பார்தான் வாயைத் திறந்தார். “ரொட்ரிகோ.”

மூன்று வருடத்துக்கு முன்னால், மீன் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் ரொட்ரிகோ தடைசெய்யப்பட்ட பொடிக்கண் வலை போட்டார். அவர் படகிலிருந்த பெட்டியே அதைப் பதிவு செய்தது. மற்ற பெட்டிகள் ஒப்புக்கொண்டன; அவர் பெயருக்கு நேரே குறி விழுந்தது. சங்கம் ஒரு பருவம் முழுக்க அவரைத் தொழிலுக்குப் போகவிடாமல் நிறுத்தியது. அவர் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். படகை வேறு துறைமுகத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். அதன்பிறகு ஏலக்கூடத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அவர் பெயரை நீக்கிவிடச் சொல்லிக் கஸ்பார் பலமுறை சொல்லியும் எமல்டா அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். வேலை மும்முரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரொட்ரிகோ வாசலிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

“தெரியும்,” என்றார். “ஊரே பேசுது. எம் பெட்டி வேணும்.”

“ஆமா மாமா,” என்றாள் எமல்டா.

“எம்பேருக்கு நேரா அந்தக் குறி இன்னும் இருக்கா?”

“இருக்கு.”

“எம் மவனுக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துல அத எடுத்துக் காட்டுதாவ. எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் அது எனக்கு முந்திப் போயி நிக்கி. அத அழி. இப்பமே பெட்டியத் தாரேன்.”

கஸ்பார் அவள் முழங்கையைத் தொட்டார். சரியென்று சொல்லித் தொலை என்பது அதற்குப் பொருள். எமல்டாவுக்கு இஞ்ஞாசி அண்ணனின் முகம் கண்முன் வந்தது. ஒரே ஒரு பொய். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

“அழிக்க முடியாது மாமா,” என்றாள்.

“முடியாதா, மாட்டியா?”

“முடியாது. முடிஞ்சாலும் மாட்டேன். இந்தப் பெட்டியில எவனாவது வந்து அழிக்கலாம்னா தும்பி இத எதுக்கு நம்பும்? நாம எழுதுறத அது நம்புறதே, யாருக்காகவும் நாம அழிக்காததுனாலதான். உங்களுக்கு அழிச்சுட்டு, அந்தப் பெட்டிய வச்சு எங்கண்ணன எப்படித் தேடச் சொல்ல?”

ரொட்ரிகோ கதவைச் சாத்தக் கை நீட்டினார்.

“ஆனா அதுக்குக் கீழ எழுதலாம்,” என்றாள் எமல்டா. “இன்னிக்கு நீங்க குடுத்தத எழுதலாம். உங்க பெட்டி ஒப்புக்கிட்டதுனாலதான் பதினாலு படகத் தேடித் தும்பி போச்சுன்னு எழுதலாம். எந்தத் துறைமுகத்துல எவன் எடுத்துப் பாத்தாலும் ரெண்டும் சேந்துதான் தெரியும். அதையும் எவனாலயும் அழிக்க முடியாது. ஏன், என்னாலயே முடியாது.”

அவர் சட்டென்று திரும்பி உள்ளே போனார். கதவு திறந்தபடியே கிடந்தது. போய்விட்டார் என்றே கஸ்பார் நினைத்தார். சற்று நேரத்தில் அவர் ஒரு துண்டில் சுற்றிய பெட்டியோடு வந்தார். பிரித்தால், புதிதாக இருந்தது. துரு இல்லை. தூசி இல்லை. எமல்டா மின்கல அளவைப் பார்த்து நிமிர்ந்தாள். முழுதாக நிறைந்திருந்தது.

“அப்பப்ப சார்ஜு போட்டுவைப்பேன்,” என்றார் ரொட்ரிகோ, வேறெங்கோ பார்த்தபடி. “பொருளு வீணாப் போவக்கூடாதுல்லா.”

அவரும் கூடவே நடந்தார்.

ஏலக்கூடத்தில் இன்னொரு முட்டுக்கட்டை காத்திருந்தது. மூன்று வருடம் தூங்கிய பெட்டி உடனே வாய் திறக்காது. இடையில் நடந்ததையெல்லாம் படித்து முடித்தால்தான் அது மற்றவற்றோடு சேர முடியும். எமல்டா அதை இன்னொரு பெட்டியோடு நேராகக் கம்பி போட்டு இணைத்தாள். திரையில் மூன்று வருடமும் ஓடத் தொடங்கியது. பட்ட மீன், இறங்கிய ஐஸ், மாற்றிய இயந்திரம், புதிதாய் இறங்கிய படகு. ரொட்ரிகோ கைகளைக் கட்டிக்கொண்டு, தான் இல்லாத மூன்று வருடத்தையும் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். “பவுலு புதுப்படகு எறக்கிட்டானா?” என்று ஒருமுறை தனக்குத்தானே கேட்டார்.

ஓட்டம் நின்றது. பச்சை விளக்கு எரிந்தது.

முப்பத்தொன்று.

‘எழுதலாம்’ என்றது திரை.

எமல்டா முதலில் எழுதவைத்தது கரைசேர்ந்த தண்டல்கள் கண்டதைத்தான். எங்கே கண்டார்கள், காற்று எந்தப் பக்கம், நீவாடு எந்தப் பக்கம், எத்தனை படகு சேர்ந்திருந்தன. ஒவ்வொரு பதிவுக்கும் பெட்டிகள் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டன. மக்ரூன் அடுப்பில் காய்ந்த பெட்டி, கோவிலில் பூசை கேட்ட பெட்டி, எலும்புக்கூட்டுப் படகின் பெட்டி. கடைசியாக, துண்டில் சுற்றி வந்த பெட்டி. நிவேதனின் குரல் கத்தியது: “புறப்பட்டுடுச்சு மேடம்! எல்லாத் தும்பியும் புறப்பட்டுடுச்சு!”

அப்போதுதான் மரியதங்கம் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

வெளிச்சம் மங்குவதற்கு முன்பே தும்பிகள் அவர்களைக் கண்டுவிட்டன. எல்லோரும் சொன்ன திசையில், எல்லோரும் நினைத்ததைவிடத் தூரத்தில், படகுகளை ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்துக்கொண்டு கிடந்தார்கள். பல படகுகளின் இயந்திரத்தில் தண்ணீர் ஏறியிருந்தது. ஓடும் ஒன்றிரண்டு படகுகள் மற்றவற்றை இழுத்துக்கொண்டு எறும்பு போல் கரை நோக்கி வந்துகொண்டிருந்தன. குடிதண்ணீர் தீர்ந்திருந்தது. தும்பிகள் தண்ணீர் போட்டன, கப்பல் வழி கண்டு போய்ச் சேர்ந்தது.

மறுநாள் பதின்மூன்று படகுகள் கரைக்கு வந்தன. ஒன்று மூழ்கிவிட்டது. அதில் போனவர்களை மற்ற படகுகள் தூக்கிக்கொண்டன, அதன் தண்டல் சந்தியாகு ஒருவரைத் தவிர. பெரிய அலை ஒன்று அவரைக் கண்முன்னே கொண்டுபோனதாகச் சொன்னார்கள். துறைமுகம் அவருக்காக அழுதது, மற்றவர்களுக்காகச் சிரித்தது, எது எதற்கென்று தெரியாமல் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டது. எமல்டா முதல்முறையாக ஒரு படகின் பெயரை நீக்கினாள். உயிரோடிருந்த எல்லாப் பெட்டிகளும் ஒப்புக்கொண்டன. சந்தியாகுவின் மனைவியிடம் போய் நின்றாள். அந்தப் பெண்தான் முதலில் பேசினாள்: “நேத்து நீ நீக்கல. அவரு இருக்காருன்னு நெனச்சு நான் ஒருநாள் இருந்தேன்.”

ரொட்ரிகோவின் பெயருக்கு நேரே, பழைய குறிக்குக் கீழே, எமல்டா சொன்னபடியே எழுதினாள். அவர் பெட்டியைத் திரும்பக் கேட்கவில்லை. தன் படகைச் சங்குமுனைக்கு ஓட்டி வந்து, அதைச் சுக்கான் அறையில் தானே திருகிக்கொண்டிருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இஞ்ஞாசி வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, மாடியறைக்குத் தங்கையைத் தேடி வந்தார். உதடு வெடித்து, கைகளில் கயிறு அறுத்த காயம். நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் திரையைப் பார்த்தார்.

“ஒம் பெட்டி எங்ககிட்டயும் கேட்டுச்சுளா,” என்றார்.

“என்ன கேட்டுச்சு?”

“‘கரைப் பெட்டிகள் பதில் தரவில்லை. நீக்கிவிட்டுத் தொடரவா?’ன்னு. ரெண்டு நாளா அதேதான். திரும்பத் திரும்ப வந்து நிக்கும்.”

கரையே அழிந்துபோகிற ஒரு நாள் வந்தால் கடலில் இருப்பவர்கள் பிழைக்க வேண்டும் என்று எமல்டாவே வைத்த விதி அது. பத்துத் தண்டல்கள் சேர்ந்து அமுக்கினால் போதும். வைத்ததையே மறந்திருந்தாள்.

“எங்களுக்கு டீசல் தீந்துட்டு. டீசல் குடுக்குற சங்கத்துப் படகு எங்ககூடத்தான கெடந்துச்சு,” என்று இஞ்ஞாசி தொடர்ந்தார். “வயித்துல அம்புட்டு டீசல். பெட்டியில பதிவானாதான் வால்வு தொறக்கும். பதிவாவணும்னா ஒங்கள நீக்கணும். தண்டலுவ பதிமூணு பேரு இருந்தோம்.”

“அண்ணே, அமுக்குனியளா? நாங்களும் இங்க நீக்கி, நீங்களும் அங்க நீக்கியிருந்தா, ரெண்டும் ரெண்டு பெட்டியாப் போயிருக்கும். நீங்க போடுற சத்தத்த எங்க பெட்டி யாரோ வேத்தாளுன்னு தள்ளியிருக்கும். தும்பி ஒங்க தலைக்கு மேல பறந்தாக்கூட ஒங்கள யாருன்னே தெரியாமப் போயிருக்கும்.”

“அதெல்லாம் எங்களுக்கு எங்க தெரியும்?” என்றார் இஞ்ஞாசி. “வால்வச் சுத்தியலால ஒடச்சோம். சங்கத்துல அதுக்குத் தண்டம் போட்டா போடட்டும்.”

“ஏண்ணே அமுக்கல?”

அவர் தங்கையை விநோதமாகப் பார்த்தார், இவ்வளவு படித்தவள் இதைப்போய்க் கேட்கிறாளே என்பது போல.

“கரைய நீக்கிட்டு, எங்க வாறதுளா?”